மஞ்சக் கடுதாசி கொடுத்தால் படிப்புக் கடன் போகுமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கிறேன். வயது 34. 2010 முதல் 2014 வரை மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.எஸ். படித்தபோது தனியார் வங்கியில் 46,000 டாலர் கடன் வாங்கினேன். ஹூஸ்டனில் இருக்கும் என் தாய்மாமா அதற்குக் கோ-சைன் போட்டார். 2019-இல் ஆறு மாத கோடிங் பூட்கேம்ப் ஒன்றில் சேர 14,000 டாலர் இன்னொரு தனியார் கடன். அதில் என் கையெழுத்து மட்டும்தான். 2021 மார்ச்சில் கிரெடிட் கார்டு கடன் தாங்காமல் சாப்டர் 7 திவால் மனு போட்டேன், ஜூலையில் கடன்களிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜ் ஆர்டர் வந்தது. படிப்புக் கடன் மட்டும் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பூட்கேம்ப் கடனுக்கு இன்றுவரை மாதம் 190 டாலர் கட்டி வருகிறேன். சென்ற ஆண்டு லே-ஆஃபில் வேலை போய்விட்டது. இப்போது ஒப்பந்த வேலையில் கைக்கு மாதம் 2,600 டாலர் வருகிறது. மனைவிக்கு வேலை இல்லை. நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. பெரிய கடனுக்கு ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை. மாமாவுக்கு 63 வயது, ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் அவருக்கு ஃபோன் மேல் ஃபோன் வருகிறது. தனியார் கல்விக் கடனையும் திவாலில் தள்ளிவிடப் புதுச் சட்டம் வருகிறது, பொறுத்திரு என்கிறான் நண்பன். காத்திருக்கட்டுமா?

பதில்:

காத்திருக்க வேண்டாம். புதுச் சட்டம் வந்தால் வந்தபோது பார்த்துக்கொள்ளலாம். இப்போதிருக்கும் சட்டத்திலேயே உங்களுக்குச் சேர வேண்டியது ஒன்று ஐந்து வருடமாகக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மாதம் 190 டாலர் கட்டிவருகிறீர்களே, அந்த பூட்கேம்ப் கடன் 2021 ஜூலை டிஸ்சார்ஜ் ஆர்டரோடு முடிந்துபோன கடனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மஞ்சக் கடுதாசி கொடுத்தாலும் படிப்புக் கடன் போகாது என்பது நம்மவர்களிடம் மட்டுமல்ல, திவால் வழக்கு நடத்தும் வக்கீல்கள் சிலரிடமே ஊறிப்போன பேச்சு. சட்டம் அவ்வளவு அகலமாக எழுதப்படவில்லை. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 523-ஆம் பிரிவில் (ஏ)(8) என்ற உட்பிரிவு மூன்று வகைக் கடன்களுக்குத்தான், திவாலில் போகாதபடி வேலி போடுகிறது. முதலாவது, அரசு கொடுத்த அல்லது உத்தரவாதம் தந்த கடனும், அரசோ லாப நோக்கற்ற நிறுவனமோ பணம் போட்டு நடத்தும் திட்டத்தில் வரும் கடனும். இரண்டாவது, கல்விச் சலுகை, உதவித்தொகை, ஸ்டைபெண்ட் என்று வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. மூன்றாவது, வருமான வரிச் சட்டத்தின் 221-ஆம் பிரிவு வரையறுக்கும் 'தகுதியுள்ள கல்விக் கடன்'. தனியார் கடன்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவதில்தான். இந்த மூன்றிலும் சேராத கடன், அதன் தலையில் 'ஸ்டூடண்ட் லோன்' என்று எழுதியிருந்தாலும், கிரெடிட் கார்டு பாக்கியைப் போலத் தானாகவே டிஸ்சார்ஜ் ஆகிவிடும். அதற்கென்று தனியாக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

221-ஆம் பிரிவு கேட்கும் தகுதிகள் கறாரானவை. கல்விச் செலவுக்காக மட்டுமே வாங்கிய கடனாக இருக்க வேண்டும். கடன் வாங்கியவருக்கோ, அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ, கடன் வாங்கிய நேரத்தில் அவரைச் சார்ந்திருந்தவருக்கோ ஆன படிப்பாக இருக்க வேண்டும். கல்லூரி, மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் சேரத் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும். 'டைட்டில் ஃபோர் பள்ளி' என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். மாணவர் பட்டமோ அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழோ தரும் படிப்பில் குறைந்தது பாதி நேர மாணவராகப் பதிந்திருக்க வேண்டும். இதில் ஒன்று இடித்தாலும் வேலி விழுந்துவிடும்.

2019 வாக்கில் நடந்த கோடிங் பூட்கேம்ப்களில் பெரும்பாலானவை டைட்டில் ஃபோர் பட்டியலில் இல்லாதவை. வக்கீல் தொழில் தேர்வுக்குப் படிக்க வாங்கும் 'பார் லோன்', மருத்துவர்கள் ரெசிடென்சி தேடிப் பயணம் போகவும் ஊர் மாறவும் வாங்கும் கடன், பட்டியலில் இல்லாத வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கான கடன், பள்ளிப் பிள்ளைகளின் ஃபீஸுக்கான கடன் ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

கடன் கொடுத்த நிறுவனங்கள் நெடுங்காலம் இரண்டாவது வகையைக் காட்டி மிரட்டி வந்தன. கடனே ஒரு 'கல்விச் சலுகை'தானே என்பது அவர்கள் வாதம். உங்கள் மாநிலம் அடங்கிய ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 அக்டோபரில் க்ராக்கர் வழக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது. ஹூஸ்டனில் தொடங்கிய அந்த வழக்கில் இருந்தது 15,000 டாலர் பார் லோன். பிறகு 2020-இல் பத்தாவது வட்டம் மெக்டேனியல் வழக்கிலும், 2021-இல் நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாவது வட்டம் ஹோமைதான் வழக்கிலும் அதையே சொல்லின. ஹோமைதான் உங்களைப் போலத்தான். டிஸ்சார்ஜ் வாங்கிய பிறகும், போகவில்லையாக்கும் என்று நினைத்து 12,567 டாலர் கடனைக் கட்டித் தீர்த்தவர். டெக்சாஸ் திவால் நீதிமன்றங்களை க்ராக்கர் தீர்ப்பு கட்டுப்படுத்தும். நீங்கள் மனு போட்டபோதே அது வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

முதலில் காகிதங்களைத் திரட்டுங்கள்

கடன் பத்திரம், பணம் பட்டுவாடா ஆன விவரம், இதுவரை கட்டிய கணக்கு ஆகிய மூன்றையும் சர்வீஸரிடம் (தவணை வசூலிக்கும் நிறுவனத்திடம்) எழுத்தில் கேளுங்கள். கூடவே 'தனியார் கல்விக் கடன் விண்ணப்பதாரர் சுய சான்று' என்ற படிவத்தின் நகலையும் கேளுங்கள். 2010 பிப்ரவரியிலிருந்து இந்தப் படிவம் கட்டாயம். ஒரு பக்கக் காகிதம்தான், ஆனால் வழக்கின் பாதி அதிலேயே இருக்கும். அதில் மூன்று வரிகளைப் பாருங்கள். 'ஏ' என்பது அந்தக் கல்வியாண்டுக்குக் கல்லூரி கணக்கிட்ட மொத்தச் செலவு. 'பி' என்பது கிடைக்கவிருக்கும் மற்ற உதவித்தொகைகளும் கடன்களும். 'சி' என்பது ஏ-யிலிருந்து பி-யைக் கழித்த மீதி. கடன் தொகை 'சி'-யைத் தாண்டியிருந்தால், தாண்டிய பகுதி கல்விச் செலவுக்கு வெளியே போனது என்று வாதிடலாம். முழுக் கடனும் வேலியைத் தாண்டுமா, உபரி மட்டும் தாண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை. டைட்டில் ஃபோரில் இல்லாத பூட்கேம்ப் என்றால் இந்தப் படிவம் நிரப்பாமலே கடன் கொடுத்திருப்பார்கள். படிவம் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது பள்ளியின் தகுதி. மத்தியக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளிக் குறியீட்டுப் பட்டியலில் நீங்கள் படித்த ஆண்டுக்கானதை எடுத்து, அதில் அந்த பூட்கேம்பின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்றைய பட்டியல் உதவாது. இங்கே ஒரு பொறி உண்டு. சில பூட்கேம்ப்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவோடு கைகோத்து நடந்தவை. உங்களுடையது அப்படியானால் பல்கலைக்கழகத்தின் பெயரைக் காட்டி எதிர்த்தரப்பு தப்பிக்கப் பார்க்கும். அப்போது உங்கள் வாதம் பள்ளியை விட்டு மாணவர் தகுதிக்கு மாற வேண்டும்: அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் படிப்பா, பாதி நேர மாணவராகப் பதிவு இருந்ததா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் வரிக் கணக்குகள். அந்தக் கடனுக்குக் கட்டிய வட்டியைக் காட்டும் 1098-இ படிவம் வந்ததா? அதை வைத்துக் கல்விக் கடன் வட்டிக் கழிவு கேட்டீர்களா? வருடத்துக்கு 2,500 டாலர் வரை கிடைக்கும் அந்தக் கழிவு, தகுதியுள்ள கல்விக் கடனுக்கு மட்டுமே உரியது. வரித் துறையிடம் தகுதியுள்ள கடன் என்று சொல்லிவிட்டு நீதிமன்றத்தில் இல்லை என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியாகவே அதைத்தான் கேட்பார். வழக்கு அதனால் செத்துவிடாது. ஆனால் உங்கள் வக்கீலுக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரியாமல் கழிவு எடுத்திருந்தால் வரி ஆலோசகரிடமும் பேசிவிடுங்கள்.

இரண்டு விஷயங்களைப் பார்த்து மிரள வேண்டாம். கடன் பத்திரத்தில் 'இது தகுதியுள்ள கல்விக் கடன், திவாலில் டிஸ்சார்ஜ் ஆகாது' என்று அச்சடித்திருப்பார்கள். அதை ஒரு சாட்சியமாக எடுத்து வைக்கலாமே தவிர, சட்டத்தை ஒப்பந்தத்தால் நீட்ட முடியாது. அதேபோல் உங்கள் 2021 மனுவின் அட்டவணை ஈ/எஃப்-இல் இந்தக் கடனுக்கு நேரே 'மாணவர் கடன்' என்ற கட்டத்தில் டிக் இருக்கலாம். அது வெறும் வகைக் குறிப்பு. கடன் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறதா என்பதுதான் முக்கியம். இல்லை என்றால் அதையும் வக்கீலிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

எப்படிப் போவது

முதல் படி, ஒரு கடிதம். டிஸ்சார்ஜ் ஆர்டரின் நகலை இணைத்து, இந்தக் கடன் 523(ஏ)(8)-இல் எந்த வகையில் அடங்குகிறது என்பதை ஆவணத்தோடு காட்டும்படி கேட்டு, சர்வீஸருக்கும் கடனின் இப்போதைய உரிமையாளருக்கும் சான்றஞ்சலில் அனுப்புங்கள். ஃபோனில் பேசிப் பயனில்லை. ஃபோனை எடுப்பவர் கையிலிருக்கும் காகிதத்தில் 'மாணவர் கடன் டிஸ்சார்ஜ் ஆகாது' என்ற ஒரே வரிதான் இருக்கும். தானியங்கித் தவணையை நிறுத்துவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பூட்கேம்ப் உண்மையிலேயே பட்டியலில் இல்லை என்று உறுதியான பிறகே நிறுத்த வேண்டும்.

சரியான பதில் வராவிட்டால் 2021 வழக்கைத் திறக்க மனு. ஏற்கெனவே முடிந்த திவால் வழக்கை, ஒரு கடன் போனதா இல்லையா என்று தீர்மானிப்பதற்காக மீண்டும் திறக்கக் கூடுதல் கட்டணம் கிடையாது. திவால் நடைமுறை விதி 4007 இதைச் சொல்கிறது. இந்தக் கேள்வியை எழுப்பக் காலக்கெடுவும் இல்லை என்கிறது. டிஸ்சார்ஜ் கொடுத்த அதே நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் க்ராக்கர் தீர்ப்பின் இன்னொரு பகுதி, ஒரு மாவட்டத்தின் டிஸ்சார்ஜை இன்னொரு மாவட்ட நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்கிறது. பிளேனோவாசி என்பதால் உங்களுடையது டெக்சாஸ் கிழக்கு மாவட்டத் திவால் நீதிமன்றமாக இருக்கும்.

வழக்கு திறந்ததும் அதற்குள்ளேயே தனி வழக்காக 'அட்வர்சரி ப்ரொசீடிங்' தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு 350 டாலர் கட்டணம் உண்டு. வாதி கடனாளியே என்றால் அதுவும் இல்லை. சம்மன் பிறப்பித்த தேதியிலிருந்து 7 நாளுக்குள் அதை எதிர்த்தரப்புக்கு முறைப்படி அனுப்பியாக வேண்டும். சொந்தமாக நடத்துபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாதாரணக் கம்பெனி என்றால் அதன் அதிகாரி ஒருவரைக் குறிப்பிட்டு முதல் வகுப்புத் தபால் போதும். டெபாசிட் காப்பீடு உள்ள வங்கி என்றால் அதிகாரியின் பெயருக்குச் சான்றஞ்சலில்தான் போக வேண்டும். தபால் பெட்டி எண்ணுக்கு 'சம்பந்தப்பட்டவர் பார்வைக்கு' என்று அனுப்பினால் செல்லாது. 7 நாள் தாண்டிவிட்டால் புது சம்மன் கேட்க வேண்டியதுதான். சம்மன் பிறப்பித்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.

கடன் வேலிக்குள் அடங்குகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. பூட்கேம்ப் வழக்கில் உங்களுக்குப் பெரிய பலம் இது. உங்கள் வறுமையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், கேள்வியே எழாது. கடன் போய்விட்டது என்று தீர்ப்பானால், டிஸ்சார்ஜுக்குப் பிறகு வசூலித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது தானாக வராது. விரும்பிக் கட்டியதைச் சட்டம் தடுப்பதில்லை என்று அவர்கள் சொல்வார்கள்; வசூல் கடிதம், மிரட்டல், 'போகாது' என்று அவர்கள் தந்த தவறான தகவல் ஆகியவற்றை நீங்கள் காட்ட வேண்டும். நீதிமன்ற அவமதிப்புக்கு உச்ச நீதிமன்றம் 2019-இல் டாகார்ட் வழக்கில் வைத்த அளவுகோல், அவர்கள் செய்தது சரியென்று நம்ப நியாயமான ஐயத்துக்கு இடமே இல்லாதிருக்க வேண்டும் என்பது. டெக்சாஸில் 2019-க்குப் பிறகு வசூலித்தவர்களுக்கு அந்த ஐயத்தைக் காட்டுவது கடினம்தான். பழைய கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் தேடி எடுத்து வையுங்கள்.

பெரிய கடனின் நிலைமை வேறு

46,000 டாலர் கடன் மாநிலப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கானது. அது மூன்றாவது வகைக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பணத்தில் கார் வாங்கினேன், வாடகை கட்டினேன் என்ற வாதம் எடுபடாது. ஐந்தாவது வட்டம் 2002-லேயே மர்ஃபி வழக்கில், பணம் எதற்குச் செலவானது என்பதைவிட எதற்காக வாங்கப்பட்டது என்பதைத்தான் பார்த்தது. தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் கல்லூரியின் மொத்தச் செலவுக் கணக்கிலேயே வரும். ஆண்டுவாரியாக அந்த 'சி' வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். தாண்டவில்லை என்றால் மிச்சமிருப்பது 'அண்டியூ ஹார்ட்ஷிப்', அதாவது கடனைக் கட்டச் சொல்வது மிதமிஞ்சிய கஷ்டம் என்று நிரூபிக்கும் வழி மட்டும்.

அதற்கான அளவுகோல் 1987-இல் நியூயார்க்கில் ப்ரன்னர் வழக்கில் வந்தது. டெக்சாஸுக்கு 2003-இல் கெர்ஹார்ட் வழக்கு மூலம் பொருந்தியது. கடனைக் கட்டினால் குறைந்தபட்ச வாழ்க்கைத்தரம்கூட நடத்த முடியாது, இந்த நிலை கடன் காலத்தின் பெரும்பகுதிக்கு நீடிக்கும், இதுவரை நேர்மையாகக் கட்ட முயன்றிருக்கிறேன் என்று மூன்றையும் காட்ட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் தோல்வி. ஐந்தாவது வட்டம் இதில் கடுமையானது. 2019-இல் தாமஸ் வழக்கில், நீரிழிவு நரம்புக் கோளாறால் நீண்ட நேரம் நிற்க முடியாத, அறுபதைத் தாண்டிய பெண்மணியின் 8,000 டாலருக்கும் குறைவான அரசுக் கடனைக்கூட விடுவிக்க மறுத்தது.

அந்த வெளிச்சத்தில் உங்கள் வழக்கைப் பார்த்தால், 34 வயது, பி.எஸ். பட்டம், உடல்நலக் குறை எதையும் நீங்கள் சொல்லவில்லை. வேலை போனது தற்காலிகம் என்று நீதிபதி நினைப்பார். இப்போது இந்த வழக்கைப் போட்டுத் தோற்றுவிட்டால், பின்னால் நிலைமை உண்மையிலேயே மோசமாகும்போது அந்தத் தோல்வி குறுக்கே நிற்கும். ஆகவே பெரிய கடனுக்கு இப்போது ஹார்ட்ஷிப் வழக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

வேறு வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். தீராத நோய், நிரந்தர ஊனமுள்ள குழந்தை, அறுபதை நெருங்கும் வயது, பல வருடம் வேலை தேடிய பதிவு என்றெல்லாம் இருப்பவர்கள் முயலாமலே விட்டுவிடக் கூடாது. 2007-ஆம் ஆண்டு வழக்குகளை ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் ஜேசன் யூலியானோ, திவால் மனு போட்ட கல்விக் கடனாளிகளில் ஆயிரத்தில் ஒருவர்கூட இந்த விடுவிப்பைக் கேட்கவில்லை என்றும், கேட்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு நிவாரணம் கிடைத்தது என்றும் கண்டார். தனியார் கடனில் ஒரு விசித்திரமான வசதியும் உண்டு. அரசுக் கடன் வாங்கியவரிடம் 'வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டத்தில் ஏன் சேரவில்லை' என்று கேட்டு மடக்குவார்கள். தனியார் கடனில் அப்படிச் சட்டபூர்வமான திட்டமே இல்லாததால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. மாறாக, மத்திய நீதித் துறை 2022 நவம்பரில் கொண்டுவந்த எளிய உறுதிமொழிப் படிவ நடைமுறை அரசுக் கடனுக்கு மட்டும்தான், உங்களுக்கு உதவாது. வழக்கென்று வந்தால் செலவுப் பட்டியல் வரி வரியாகத் துருவப்படும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தையும் விருப்பச் செலவு என்பார்கள். அவர்கள் உங்களையே நம்பியிருப்பதற்கு மருத்துவ ரசீது, வங்கிக் கணக்கு என்று ஆதாரம் இல்லாமல் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

மாமா

உங்கள் டிஸ்சார்ஜ் உங்களை மட்டுமே காக்கும். கோ-சைனர் முழுத் தொகைக்கும் முதல் நாளிலிருந்தே பொறுப்பு. ஆனால் மாமா டெக்சாஸில் இருப்பது நல்லதாகப் போயிற்று. இந்த மாநிலத்தில் தனியார் கடனுக்காகச் சம்பளத்தைப் பிடித்தம் செய்ய முடியாது. குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு உண்டு. ஓய்வூதியக் கணக்குகளுக்கும் சோஷியல் செக்யூரிட்டிக்கும் பாதுகாப்பு உண்டு. ஓட்டை ஒன்றுதான். தீர்ப்பு வாங்கிவிட்டால் வங்கிக் கணக்கை முடக்கலாம், சம்பளம் கணக்கில் விழுந்த மறுகணம் அது வெறும் பணம்தான். சோஷியல் செக்யூரிட்டிப் பணம் வரத் தொடங்கினால் அதற்கென்று தனிக் கணக்கு வைத்து வேறு பணத்தை அதில் கலக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாமா தன் பெயரில் திவால் போட வேண்டி வந்தால் அவருக்கு ஒரு வாதம் இருக்கிறது. 221-ஆம் பிரிவு தனக்கு, துணைக்கு, தன்னைச் சார்ந்தவருக்கு என்றுதான் சொல்கிறது. அக்காள் மகன், அதுவும் அவருடைய வரிக் கணக்கில் சார்ந்திருப்பவராக இல்லாதவர், இதில் எங்கே வருகிறார்? நீதிமன்றங்களில் இரண்டு பக்கமும் தீர்ப்புகள் இருக்கின்றன, எனவே நிச்சயம் என்று சொல்ல மாட்டேன்.

மாமாவை உடனடியாகக் காக்க வேண்டுமானால் உங்கள் கையில் இருப்பது சாப்டர் 13. முந்தைய சாப்டர் 7 மனுத் தேதியிலிருந்து நான்கு வருடம் கடந்துவிட்டதால் அதில் டிஸ்சார்ஜ் பெற உங்களுக்குத் தடையில்லை. கடனைத் தவணையில் கட்டும் மூன்றிலிருந்து ஐந்து வருடத் திட்டம் அது, மனுக் கட்டணம் 313 டாலர், வக்கீல் கட்டணம் தனி. சாப்டர் 7-இல் கிடைக்காத ஒன்று இதில் உண்டு: திட்டம் நடக்கும்வரை கோ-சைனரையும் கடன்காரர் நெருங்கக் கூடாது. ஆனால் திட்டத்தில் கட்டாத பகுதிக்காக அந்தத் தடையை நீக்கும்படி கடன்காரர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். முடிவில் கல்விக் கடனும், இடையில் ஏறிய வட்டியும் அப்படியே காத்திருக்கும். வேறு பெரிய கடன் இல்லாதபோது இதற்காக மட்டும் சாப்டர் 13 போடுவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

2018 நவம்பர் 20-க்குப் பிறகு கையெழுத்தான தனியார் கல்விக் கடன்களில், கோ-சைனர் திவாலானதையோ இறந்ததையோ மட்டும் காரணம் காட்டி மாணவரிடம் முழுத் தொகையையும் உடனே கேட்கக் கூடாது. உங்கள் பெரிய கடன் அதற்கு முந்தையது, திவாலானதும் நீங்கள்தான் என்பதால், திவாலைக் காரணம் காட்டி முழுத் தொகையும் கேட்கும் ஷரத்து பத்திரத்தில் இருக்கிறதா, உங்கள் 2021 மனுவைக் காரணம் காட்டி அப்போதே முழுத் தொகையும் கேட்கப்பட்டதா என்று பாருங்கள். இது முக்கியம். தனியார் கடனுக்கு வழக்குப் போடக் காலவரம்பு உண்டு, டெக்சாஸில் நான்கு வருடம். முழுத் தொகையையும் கேட்ட தேதி எது என்பதில் அந்தக் கணக்கு மாறும். அதுவரை கடனை ஒப்புக்கொள்ளும் எந்தக் கடிதத்திலும் நீங்களோ மாமாவோ கையெழுத்துப் போட வேண்டாம்.

வரப்போவதாகச் சொல்லும் சட்டம்

1976 வரை கல்விக் கடன் மற்றக் கடன்களைப் போலத்தான் போனது. அந்த ஆண்டுச் சட்டம் தவணை தொடங்கி ஐந்து வருடம் காத்திருக்கச் சொன்னது. 1990-இல் அது ஏழு வருடமாகி, 1998-இல் காத்திருக்கும் வழியே மூடப்பட்டது. தனியார் வங்கிக் கடனுக்கு வேலி போட்டது 2005-ஆம் ஆண்டுத் திருத்தம். அரசுப் பணமே இல்லாத ஒரு வியாபாரக் கடனுக்கு இந்தச் சலுகை எதற்கு என்பதற்கு நல்ல பதில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மாற்ற முயன்ற மசோதாக்கள் பல. பிரதிநிதி ஸ்டீவ் கோஹன் பல முறை கொண்டுவந்த தனியார் கல்விக் கடன் திவால் நியாய மசோதா, 2005-க்கு முந்தைய நிலைக்குத் திரும்பச் சொல்கிறது. உங்கள் பெரிய கடனுக்கு நேரடியாக உதவக்கூடியது அதுதான். செனட்டர்கள் டிக் டர்பினும் எலிசபெத் வாரனும் 2019-இல் முன்வைத்தது எல்லாக் கல்விக் கடன் வேலியையும் எடுத்துவிடச் சொன்னது. உங்கள் நண்பர் கேள்விப்பட்டது அநேகமாக 2021-இல் டர்பினும் உங்கள் மாநில செனட்டர் ஜான் கார்னினும் சேர்ந்து கொண்டுவந்த ஃப்ரெஷ் ஸ்டார்ட் மசோதாவாக இருக்கலாம். இரு கட்சியினரும் கையெழுத்திட்டதால் அதற்குப் பேர் அதிகம். ஆனால் பத்து வருடம் கழிந்தால் விடுவிப்பு என்று அது சொன்னது அரசுக் கடனுக்கு மட்டும். தனியார் கடனைப் பழைய ஹார்ட்ஷிப் விதியிலேயே விட்டுவிட்டது.

இவற்றில் எதுவும் சட்டமாகவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரண்டு வருடக் காலம் முடியும்போது நிறைவேறாத மசோதா தானாகவே செத்துப்போகும், அடுத்ததில் மறுபடி புதிதாகக் கொண்டுவர வேண்டும். 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு மேற்படிப்புக்கான 'கிராட் பிளஸ்' அரசுக் கடன் கிடையாது என்பதால் மாணவர்கள் தனியார் கடன் பக்கம் கூடுதலாகப் போவார்கள், அதனால் நெருக்கடி வளரலாம். அதை நம்பி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள். நல்லபடியாக ஒரு சட்டம் வந்தாலும், அது வந்த பிறகு தாக்கலாகும் மனுக்களுக்கு என்று இருக்கவே வாய்ப்பு. 2005 திருத்தமும் கடன் வாங்கிய தேதியைப் பார்க்காமல் மனு போட்ட தேதியைத்தான் பார்த்தது. சாப்டர் 7-இல் மறுபடி டிஸ்சார்ஜ் கிடைக்க முந்தைய மனுவிலிருந்து எட்டு வருடம் ஆக வேண்டும். உங்களுக்கு அது 2029 மார்ச். அவசரப்பட்டு இப்போது இன்னொரு திவால் மனுவைச் செலவழிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடைப்பட்ட காலத்தில் பெரிய கடன்காரரோடு சமரசம் பேசலாம். மாமாவையும் சேர்த்து விடுவிப்பதாக எழுத்தில் இல்லாத எந்தச் சமரசத்துக்கும் பணம் அனுப்பாதீர்கள். தள்ளுபடியாகும் தொகை வருமானமாகக் கருதப்பட்டு 1099-சி படிவம் வரும். கல்விக் கடன் தள்ளுபடிக்கு இருந்த பரவலான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் உங்கள் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தால், 982 படிவத்தில் அதைக் காட்டி அந்த அளவுக்கு வரியைத் தவிர்க்கலாம்.

உங்களுக்கோ மாமாவுக்கோ வழக்குச் சம்மன் வந்தால் அன்றே வக்கீலிடம் போங்கள். 20,000 டாலர் வரையிலான ஜஸ்டிஸ் கோர்ட் வழக்கில் பதில் தர 14 நாள்தான். அதற்கு மேலான தொகைக்கு, சம்மன் கிடைத்து 20 நாள் கழித்து வரும் திங்கட்கிழமை காலை பத்து மணி. பதிலே போடாமல் விட்டால் காலவரம்பு, கடன் பத்திரம் கைமாறிய சங்கிலி என்று உங்களிடம் இருந்த வாதங்கள் எல்லாம் அந்தத் திங்கட்கிழமையோடு போய்விடும்.